முதல் வாரம் கேள்வி கேட்கக் கூடாது: மறதி நோயாளிகளிடம் ஓ.டி. மாணவர்களை அனுப்பும் முன்

குளிப்பது, சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளை நோயாளிகளே செய்ய உதவும் தொழில் ஆக்குபேஷனல் தெரபி, சுருக்கமாக ஓ.டி. மறதி நோய் (டிமென்ஷியா) வந்தவர்களுக்கான எங்கள் பகல்நேரப் பராமரிப்பு மையத்துக்கு நான்கு வாரப் பயிற்சிக்கு வரும் ஓ.டி. மாணவர்களிடம் முதல் நாள் காலையில் நான் சொல்வது இதுதான்: இந்த வாரம் முழுக்க இங்கே இருக்கும் பெரியவர்கள் யாரிடமும் ஒரு கேள்வி கூடக் கேட்காதீர்கள். ‘சாப்பிட்டீங்களா’ வேண்டாம். ‘என்னைத் தெரியுதா’ வேண்டவே வேண்டாம்.

பிள்ளைகள் திகைத்துப் போவார்கள். கேள்வி கேட்காமல் எப்படி மதிப்பீடு செய்வது, கேஸ் ஷீட்டை எப்படி நிரப்புவது என்று என்னையே பார்ப்பார்கள். மதுரையில் இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். மறதி நோயாளிகளிடம் மாணவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாதி வாயில்தான் ஆரம்பிக்கிறது. அதனால் உங்கள் மையத்துக்கும் மாணவர்கள் வருகிறார்கள் என்றால், இந்த இடத்திலிருந்தே தொடங்குங்கள்.

நடப்பது என்னவென்றால், பக்கவாதம் வந்தவர்களையும் கை நரம்பு அறுந்தவர்களையும் பார்த்துப் பழகிய மாணவி அட்டையும் பேனாவுமாக வந்து உட்காருவாள். இன்னைக்கு என்ன கிழமை? இது என்ன மாசம்? காலைல என்ன சாப்பிட்டீங்க? எதிரே இருக்கும் பாட்டி பதில் சொல்லாமல் மகள் பக்கம் தலையைத் திருப்புவார். அந்தத் தலைத் திருப்பலைக் கவனிக்கச் சொல்லிக் கொடுங்கள். நோயின் அடையாளங்களில் அதுவும் ஒன்று. கூடவே, ‘என்னை மாட்டி விடாதே’ என்று ஒரு மனுஷி கெஞ்சுவதும் அதுதான். அரை மணி நேரத்தில் அந்தப் பெண் வந்ததையே பாட்டி மறந்துவிடுவார். ஆனால் அவளைக் கண்டதும் உள்ளே எழும் சங்கடம் மறப்பதில்லை. மத்தியானம் அதே பெண் கையை நீட்டினால் எழுந்து வர மாட்டார். மாணவியோ நோட்டில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதுவாள்.

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேதி, கணக்கு, ஞாபகம் என்று கேட்டு மதிப்பெண் போடும் மினி மென்டல் பரிசோதனையை, 1975இல் வந்த அந்த 30 மதிப்பெண் சோதனையை, மாணவர்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். அதை ஒருவர், ஒரு முறை, அதற்கென்று நேரம் ஒதுக்கிச் செய்தால் போதும். பள்ளிக்கூடமே போகாத ஒருவரிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால் அங்கே தெரிவது மறதியா, படிப்பில்லாமையா என்பதையும் பேச வேண்டும். வளரும் நாடுகளில் மறதி நோயை ஆராயும் 10/66 என்ற ஆய்வுக் குழு சென்னையிலும் வேலூரிலும் ஆய்வு செய்தபோது, படிக்காதவர்களை மறதி நோயாளிகள் என்று தவறாகக் கணக்கில் சேர்த்துவிடாத சோதனை வேண்டும் என்பதில் அவ்வளவு அக்கறை காட்டியது இதனால்தான். ‘நவம்பர்’ சொல்லத் தெரியாத ஒரு அப்பத்தா, ‘கார்த்திகை பொறந்துருச்சுல்ல, விளக்கேத்தணும்’ என்று தானாகச் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். மாதத்துக்கான கட்டத்தில் மாணவன் ஏற்கெனவே பூஜ்யம் போட்டிருந்தான்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு தையற்காரரிடம். அப்போது இன்டர்ன்ஷிப்பில் இருந்தேன். அவர் புதுமண்டபத்தில் தையல் மிஷின் போட்டு நாற்பது வருடம் உட்கார்ந்தவர், எழுபது வயதைத் தாண்டியிருந்தார். கைவேலைக்கு என்று நான் அவர் முன்னால் வைத்தது குழந்தைகள் பிரிவிலிருந்து எடுத்து வந்த பிளாஸ்டிக் அட்டை. கரடிப் பொம்மை போட்டு, சுற்றிலும் ஓட்டை, அதில் ஷூ லேஸைக் கோக்க வேண்டும். ‘கோத்துக் காட்டுங்க பாப்போம்’ என்றேன். அவர் அதை ஓரமாக நகர்த்திவிட்டு என் வெள்ளைக் கோட்டின் கையைப் பிடித்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஓரத்தை வைத்து ஒரு முறை உருட்டினார். மடித்து உள்பக்கத்தைப் பார்த்தார். ‘சுருக்கி அடிச்சிருக்கு. நூல மாத்திப் போட்டுட்டாக’ என்றார். அது ஒரு சீனியர் அக்காவிடம் வாங்கிய கோட்டு. கை நீளம் என்று சுருக்கியிருந்தேன். அன்று காலை தன் மகன் பெயரைச் சொல்ல முடியாதவர் அவர்.

மறுநாள் இன்ச் டேப்பும் தையல் சாக்பீஸும் பழைய வேட்டித் துணியும் கொண்டுபோனேன். டேப்பைத் தானாகவே கழுத்தில் போட்டுக்கொண்டார். கோடு நேராக வந்தது. வெட்டும் இடத்தில் தடுமாறினார், அங்கே மட்டும் நான் கை கொடுத்தேன். நேற்று நடந்தது தங்காமல் போனாலும், வருடக்கணக்காகக் கை பழகிய வேலை நெடுநாள் தங்கும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். என் கோட்டின் ஓரத்தை அவர் உருட்டிய பிறகுதான் அது எனக்குப் புரிந்தது.

வருவதற்கு முன், வகுப்பிலேயே

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. நான் படித்த நாலரை வருடத்தில் இதற்குக் கிடைத்தது சில மணி நேரம்தான். அதனால் கல்லூரியில் என்ன சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்காமல், பயிற்சிக்கு முந்தைய வாரம் நானே போய் இரண்டு வேலை வைக்கிறேன்.

ஒன்று, ஊட்டிவிடுவது. இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவர் மற்றவருக்கு ஸ்பூனால் தயிர்சாதம் ஊட்ட வேண்டும். முதல் ஐந்து நிமிடம் ஊட்டுகிறவர் நின்றுகொண்டு, எதுவும் பேசாமல், வேகமாக ஊட்டுவார். அடுத்த ஐந்து நிமிடம் எதிரில் அதே உயரத்தில் உட்கார்ந்து, ‘தயிர்சாதம்’ என்று சொல்லி, ஸ்பூனைக் கண்ணில் காட்டி, விழுங்கினதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். கடைசியில், சாப்பிடுகிறவர் ஸ்பூனைப் பிடிக்க, ஊட்டுகிறவர் அந்தக் கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்துத் தூக்குவார். முதல் சுற்றில் சிரித்த பிள்ளைகள் மூன்றாவது சுற்றில் சிரிப்பதில்லை. கண்ணாடியில் வாஸ்லின் தடவி, காதில் பஞ்சு வைத்து, ‘இப்போது நீங்கள் நோயாளி’ என்று நடத்தும் பயிற்சியை நான் விட்டுவிட்டேன். மங்கல் கண்ணைத்தான் அது சொல்லிக் கொடுக்கிறது.

இன்னொன்று, டீ போடுவதைப் படிப்படியாக எழுதச் சொல்வது. ஒன்பது படி, பத்துப் படி எழுதுவார்கள். பிறகு நிஜமாகவே டீ போட வைத்து, பக்கத்தில் ஒருவரை எண்ணச் சொல்வேன். லைட்டரைத் தேடுவது, எது பால் பாத்திரம் என்று கண்டுபிடிப்பது, பொங்கி வரும்போது அடுப்பைக் குறைப்பது என்று முப்பதைத் தாண்டிவிடும். ‘டீ போடத் தெரியலை’ என்று குடும்பம் சொன்னால் இந்த முப்பதில் எங்கே அறுந்தது என்று தேடுவதுதான் உங்கள் தொழில் என்று அப்போது சொன்னால் மண்டையில் ஏறும்.

ஓ.டி. என்றதும் ஆபரேஷன் தியேட்டர் என்று வீட்டார் பயந்துபோவார்கள். அதனால் தன்னை அறிமுகம் செய்துகொள்ளவும் பழக்குங்கள்: ‘குளிக்கிறது, சாப்பிடறது, வீட்டுல கைவேலை செய்யறது, இதெல்லாம் முடிஞ்சவரைக்கும் அவங்களே செய்ய உதவறது எங்க வேலை.’

முதல் வாரம்: கையைப் பாருங்கள்

கேள்விதான் கிடையாது. ஆளுக்கொரு பெரியவரோடு தினம் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். பார்த்ததை எழுத வேண்டும்: கை சும்மா இருக்கும்போது என்ன செய்கிறது? முந்தானையை மடிக்கிறதா, மேஜையைத் துடைக்கிறதா, இல்லாத சில்லறையை எண்ணுகிறதா? எந்தப் பக்கத்திலிருந்து ஆள் வந்தால் திடுக்கிடுகிறார்? தட்டில் எந்தப் பக்கத்துச் சாதம் மிஞ்சுகிறது?

கேள்விகளையெல்லாம் வீட்டாரிடம் கேட்கலாம். ஒரு பக்கத் தாள் போதும். எத்தனை மணிக்கு எழுந்து பழக்கம், காபியா டீயா, டம்ளரா டவராவா, எந்தக் கை, என்ன வேலை பார்த்தார், எந்த எண்ணெய், எந்தச் சாமி, எதற்குப் பயப்படுவார், யாரை அதட்டுவார். எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதைக் கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள். எல்லாரையும் தாத்தா, பாட்டி என்பது மாணவர்களுக்கு அன்பாகத் தெரியும். முப்பத்தைந்து வருடம் ‘டீச்சர்’ என்று கூப்பிடப்பட்ட அம்மா ‘பாட்டி’ என்றால் திரும்பக்கூட மாட்டார். சிலருக்கு ‘ஐயா’, சிலருக்கு ‘அம்மாச்சி’, ஒருவருக்கு ‘கண்டக்டர் சார்’. அப்புறம், அவரை எதிரில் வைத்துக்கொண்டே ‘இவங்க சாப்பிட்டாங்களா’ என்று மகளிடம் கேட்பதை முதல் நாளே நிறுத்த வேண்டும்.

இரண்டாம் வாரம்: தப்பே சொல்ல முடியாத கேள்வி

இப்போது கேட்கலாம், ஆனால் ஒரே வகைதான். எந்தப் பதிலைச் சொன்னாலும் சரியாக இருக்கும் கேள்வி. ‘இந்தக் கலர் நல்லா இருக்கா?’ ‘உப்பு போதுமா?’ அபிப்பிராயம் கேட்பது, யோசனை கேட்பது. ஞாபகத்தைக் கேட்கவே கூடாது.

போன வருடம் ஒரு மாணவி மல்லிகைப் பூவும் வாழைநாரும் எடுத்துக்கொண்டு ஒரு அம்மாச்சி பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நாரைத் தண்ணீரில் நனைத்து, தெரிந்த அளவில் கட்ட ஆரம்பித்தாள். நாலு கண்ணி ஆனதும் நீட்டினாள்: ‘நெருக்கமா இருக்கா அம்மாச்சி?’ அம்மாச்சி சரத்தை இரண்டு பக்கமும் பிடித்து ஒரு இழு இழுத்தார். இரண்டு பூ உதிர்ந்தது. ‘தொளதொளன்னு இருக்கு தாயி’ என்று பிரித்துவிட்டு, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, ஒரு சுற்று, ஒரு இழுப்பு என்று கை பாட்டுக்குப் போக ஆரம்பித்தது. அதற்கு முந்தைய மூன்று நாளாக அவர் ஒரு வாக்கியம் முழுதாகப் பேசியிருக்கவில்லை.

வேலை நடுவில் நின்றுபோனால் உதவிக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பொருளைக் கைக்கு எட்டும் இடத்தில், பார்வைக்கு நேராக வைப்பது. நடக்கவில்லையா, செய்து காட்டுவது. பிறகு ஒரே ஒரு சொல்: ‘கட்டுங்க.’ பிறகு முழங்கையில் லேசாக ஒரு தொடுதல். பிறகு அவர் கைக்கு அடியில் நம் கை. அதற்கும் பிறகுதான் நாமே செய்வது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். மாணவர்களுக்கு மிகக் கடினமானது இந்தப் பத்துதான். நான் பின்னால் நின்று அவர்கள் தோளில் விரலால் தட்டி எண்ணியிருக்கிறேன்.

எதை எடுத்துச் செய்தாலும் அது பெரியவர்களின் வேலையாக இருக்கட்டும். சின்ன வெங்காயம் உரிப்பது, மொச்சை உரிப்பது, முறத்தில் அரிசி புடைப்பது, துண்டு மடிப்பது. உரித்த வெங்காயம் அன்றைய சாம்பாரில் போக வேண்டும். நோய் முற்றியவர் எதையும் வாயில் போட்டுவிடலாம் என்பதால் ஊசி, பாசிமணி போன்றவை எடுக்கும்போது மாணவர் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது.

குளியல்

இதை நான் செய்து காட்டாமல் மாணவர்களிடம் விடுவதில்லை. சண்டை அதிகம் வருவது இங்கேதான். யாரோ ஒரு புதுப் பெண் வந்து சேலையை உருவித் தலையில் தண்ணீரைக் கொட்டினால் யார்தான் அடிக்க மாட்டார்கள்?

ஷவர் வேண்டாம். மேலிருந்து சத்தத்தோடு விழும் தண்ணீர் மிரட்டும். வாளி, சொம்பு, வெதுவெதுப்பான நீர். பாத்ரூம் முழுக்க வெள்ளை டைல்ஸ் என்றால் வாளியும் மக்கும் சிவப்பாகவோ நீலமாகவோ இருக்கட்டும். துண்டும் மாற்றுத் துணியும் முன்பே தயாராக இருக்க வேண்டும், பாதியில் விட்டுவிட்டுப் போய் எடுக்கக் கூடாது. ‘குளிக்க வாங்க’ என்றால் ‘குளிச்சாச்சு’ என்ற பதில் வரும், அதை எதிர்த்துப் பேசவே கூடாது. ‘வெள்ளிக்கிழமை, எண்ணெய் வெச்சுக்கலாம்’ என்று சொல்லி உள்ளங்கையில் நல்லெண்ணெயைக் காட்டினால் எழுந்து வருகிறவர்கள் உண்டு. ஆண்களுக்கு சனிக்கிழமை.

உட்கார வைத்ததும் தோளில் ஒரு துண்டு, மடியில் ஒரு துண்டு. சொம்பு அவர் கையில். முதல் தண்ணீர் பாதத்தில். அது பழகியதும் முழங்கால், கை, பிறகு துண்டுக்கு அடியில் உடம்பு. தலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் இன்னொரு நாள். ஆண் மாணவர்கள் பெண்களைக் குளிப்பாட்டுவது எங்கள் மையத்தில் கிடையாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

நாலு மணிக்கு மேல்

வெளிச்சம் மங்கும்போது ‘வீட்டுக்குப் போகணும்’ ஆரம்பிக்கும். இதற்கு நடித்துப் பார்க்கும் பயிற்சி வையுங்கள். ‘இதுதான் உங்க வீடு’ என்பதும் தப்பு, ‘பஸ் வந்துட்டிருக்கு’ என்று புளுகுவதும் தப்பு என்பது என் கருத்து. பொய்யே மேல் என்று சொல்லும் நல்ல தெரபிஸ்டுகளும் இருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தருவது: ‘வீட்டு ஞாபகம் வந்துருச்சு. வாங்க, கூட நடக்கறேன்.’ நடந்துகொண்டே வாசல் விளக்கைப் போடுவது, குடத்திலிருந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. விளக்கை இருட்டுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

எல்லா மறதி நோயும் ஒரே மாதிரி இல்லை என்பதும் இங்கேதான் தெரியும். அல்ஸைமர் பாதிக்கு மேல் இருக்கும். லூயி பாடி வகை வந்தவருக்கு அறை மூலையில் குழந்தைகள் நிற்பதுபோலத் தெரியலாம். ‘யாருமில்லை’ என்று வாதாடாமல் லைட்டைப் போட்டுப் பக்கத்தில் உட்கார வேண்டும். ஐம்பதுகளிலேயே முன்மூளைப் பகுதி பாதிக்கப்பட்டவர் தேதியெல்லாம் சரியாகச் சொல்வார், அடுத்தவர் தட்டிலிருந்து வடையை எடுப்பார். மாணவர்கள் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்வார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பினால், தூங்கி வழிந்தால், அடிக்க வந்தால் அது மறதி நோய் முற்றியது என்று எழுதிவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, புது மாத்திரை என்று ஏதோ இருக்கும். அன்றே, அந்த மணி நேரமே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சாப்பிடும்போது இருமல் வருவதும் அப்படித்தான்.

வீட்டுக்குப் போதல்

மூன்றாம் வாரம் ஒரு வீடாவது பார்க்க வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்வை தொடங்கட்டும்: படி உயரம், கறுப்பு மிதியடி. சிலருக்கு அந்தக் கறுப்பு பள்ளமாகத் தெரிந்து தாண்டப் போய் விழுவார்கள். ‘ராத்திரி யாரோ வந்து நிக்கறாங்கன்னு கத்தறாரு’ என்றால் பீரோக் கண்ணாடியைப் பாருங்கள். கட்டிலுக்கு நேராக இருந்தால் ஒரு பழைய வேட்டியைத் தொங்க விட்டால் போதும். பாத்ரூமில் உள்தாழ்ப்பாளைக் கழற்றுவது, இரவில் கேஸ் ரெகுலேட்டரை மூடுவது, கழிப்பறைக்குப் போகும் வழியில் சின்ன விளக்கு.

வாழ்நாள் முழுக்கக் குத்தவைத்துப் பழகியவருக்கு மகன் வாஞ்சையோடு வெஸ்டர்ன் டாய்லெட் கட்டியிருப்பார். அம்மா அதில் உட்காராமல் தரையில் போவார். அது என்னவென்றே அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். எவர்சில்வர் தட்டில் பளபளப்பு குழப்புகிறது, வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சாதம் தெரியவில்லை. வாழையிலை போட்டதும் ஒருவர் தானாகவே பிசைந்து சாப்பிட்டார். சுவரில் தினசரி காலண்டர் இருந்தால் தாள் கிழிப்பதை அவர் வேலையாக்கிவிடலாம். தேதியை யாரும் கேட்காமலேயே தேதி அவர் கையில் இருக்கும்.

மருமகளோ மகளோ பேச ஆரம்பித்தால் பேனாவை மூடிவிட்டுக் கேளுங்கள். ‘வேணும்னே பண்றாங்க’, ‘நகையை நான் திருடிட்டேன்னு ஊரெல்லாம் சொல்றாங்க.’ அந்தப் பெண் தூங்கி மாதக்கணக்கில் ஆகியிருக்கும். கட்டிலோடு சேலையால் கட்டி வைத்திருப்பதைப் பார்த்தாலும் அதட்டக் கூடாது, எந்த நேரத்தில், எதற்குப் பயந்து கட்டினார்கள் என்று தெரிந்துகொண்டு என்னிடம் வர வேண்டும். அந்த நேரத்துக்கு வேறு வழி செய்வது எங்கள் வேலை. முதியோர் உதவி எண் 14567ஐ ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்துவிட்டு வரச் சொல்கிறேன்.

நோட்டு, கடைசி நாள்

‘ஒத்துழைக்கவில்லை’, ‘முரண்டு’ என்ற சொற்களை எங்கள் நோட்டில் அடித்துவிடுவேன். நடந்ததை எழுதட்டும்: ‘சட்டையின் வலது கையைத் தானாக நுழைத்தார். இடது கையில் நின்றார். முழங்கையைத் தொட்டதும் தொடர்ந்தார். கடைசி இரண்டு பட்டன் அவரே.’ மதிப்பெண்ணும் இதற்குத்தான் போடுகிறேன்.

பக்கவாதப் பிரிவில் வாரா வாரம் முன்னேற்றம் பார்த்த பிள்ளைகள் இங்கே உடைந்து போவார்கள். திங்கட்கிழமை போட்ட பட்டனை வெள்ளிக்கிழமை போட முடியாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அரை மணி நேரம் அதைப் பேசுவதற்கே ஒதுக்கியிருக்கிறேன், அழுகிறவர்கள் அழட்டும். இலக்கையும் அங்கேயே மாற்றி எழுதுவோம்: குளிக்கும்போது சண்டை இல்லாத மூன்று நாள், மருமகளுக்குத் தொடர்ந்து ஐந்து மணி நேரத் தூக்கம்.

கடைசி நாள் ‘நாளைக்கு நான் வரமாட்டேன்’ என்று பெரியவரிடம் அறிவிக்க வேண்டாம். அடுத்து வரும் மாணவருக்கு ஒரு தாள் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும். பூ கட்டிய அந்த அம்மாச்சிக்கு எழுதியது இன்னும் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது: ‘வலது பக்கமாக வரவும். அம்மாச்சி என்று கூப்பிடவும். காபி ஆறியிருக்க வேண்டும். நாரை நனைத்து வைத்துவிட்டு நீங்கள் முதலில் கட்டுங்கள், தளர்வாகக் கட்டுங்கள்.’